விமானம் கேட்கும் எம்.பி.க்களே, ஆய்வாளரையும் கேளுங்கள்

புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், விழுப்புரம் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களுக்கும், இந்தப் பகுதியிலிருந்து மாநிலங்களவைக்குச் சென்றிருப்பவர்களுக்கும் வணக்கம்.

புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்துக்காக நீங்கள் வைக்கும் கோரிக்கைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எல்லாமே நியாயமானவைதான். ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர், ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்கள்தான் இறங்க முடியும். நீட்டிக்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டுப் பக்கம் நிலம் வேண்டும். 2013-இல் புது முனையம் திறந்த பிறகும் சேவை வருவதும் நிற்பதுமாகவே இருந்தது. 2024 டிசம்பரில்தான் ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் மறுபடி விமானம் பறக்கத் தொடங்கியது. நெய்வேலி விமானத் தளத்தின் பெயர், சிறு ஊர்களுக்கும் விமான சேவை தரும் மத்திய அரசின் உடான் திட்டப் பட்டியலில் ஏறியும் பயணிகளுக்கு ஒரு பலனும் இல்லை. இதையெல்லாம் கேட்கத்தான் வேண்டும், கேளுங்கள்.

ஆனால் அந்த விமானத்தைச் சோதிக்கும் ஆய்வாளர் போதுமான எண்ணிக்கையில் இருக்கிறாரா, அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று உங்களில் ஒருவர் கேட்டதாக நான் இதுவரை படித்ததில்லை. அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கத்தான் இந்த மடல்.

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளராக மீனம்பாக்கத்திலும் வெளியூர்களிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இப்போது லாஸ்பேட்டைவாசி. என் வேலைக் காலம் முழுவதும் விமானத்தை 'ரிலீஸ்' செய்யும், அதாவது பறக்கத் தகுதியானது என்று விடுவிக்கும், கையெழுத்து போட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

விமானப் பாதுகாப்பு வசதி படைத்தவர்களின் கவலை என்று யாராவது நினைத்தால், கடலூர் மாவட்டத்து லால்பேட்டைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் போய்ப் பார்க்கட்டும். வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கமிருந்தும் வேன் பிடித்துச் சென்னைக்கோ திருச்சிக்கோ போய் விமானம் ஏறுகிறார்கள். 2018 அக்டோபர் 12 அதிகாலையில் திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதை முடிவில் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டே மேலே ஏறியது. உள்ளே 136 பேர். அடிப்பகுதி கிழிந்த நிலையில் கடல்மேல் பறந்துகொண்டிருந்த அந்த விமானத்தைத் திருப்பி மும்பையில் இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை. ஆறு வருடம் கழித்து, 2024 அக்டோபர் 11 மாலை, அதே திருச்சியில் ஷார்ஜா விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானில் வட்டமடித்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்தது. விமானிகள் பத்திரமாக இறக்கினார்கள், அவர்களுக்கு எத்தனை கைதட்டினாலும் தகும்.

அப்புறம் என்ன நடந்தது? மறுவாரமே எல்லோரும் மறந்துவிட்டோம். ஏன் பழுதானது, பழுதுக்கு முன் யார் என்ன சோதித்தார்கள், அந்தச் சோதனையை யார் மேற்பார்வை பார்த்தார்கள் என்று கேட்க நம் பகுதிக்கு ஒரு குரல் இருக்கவில்லை. அந்தக் குரல் உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்தது. விமானத்தில் 241 பேர், தரையில் 19 பேர், மொத்தம் 260 உயிர். ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கையில் ஒரு பத்தி என் தூக்கத்தைக் கெடுத்தது. என்ஜினுக்கு எரிபொருளைத் திறந்து மூடும் சுவிட்சுகளின் பூட்டு விலகியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்க விமானத் துறை 2018-லேயே ஒரு தகவல் குறிப்பு வெளியிட்டிருந்தது. அது அறிவுரைதான், கட்டாயமில்லை என்பதால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று நிறுவனம் சொன்னதாக அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. விபத்துக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. விசாரணைக்கு முன் தீர்ப்புச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. நான் பார்ப்பது வேறு. நம் நாட்டில் பறக்கும் விமானங்களுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கலாமா என்று 2018-இல் யோசிக்க வேண்டிய மேசை, விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வுடையது. அறிக்கை வெளியான இரண்டாம் நாள், 2025 ஜூலை 14 அன்று, அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. கெடு ஒரே வாரம். ஒரு வாரத்தில் செய்துவிடக்கூடிய வேலை அது.

அந்த மேசையில் அப்போது உட்கார ஆள் இருந்தாரா? டி.ஜி.சி.ஏ.வில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 1,063, நிரம்பியிருப்பவை 553 என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே 2025 ஆகஸ்ட் அறிக்கையில் எழுதியது. பாதி நாற்காலி காலி. விமானங்கள் கூடிக்கொண்டே போகின்றன. 2024-இல் மட்டும் உள்நாட்டு விமானங்களில் 16 கோடிக்கும் அதிகமான பயணங்கள். ஆள் எடுப்பது யு.பி.எஸ்.சி. வழியாக நடக்கிறது, மெதுவாக நடக்கிறது. அனுபவமுள்ள விமானியோ பொறியாளரோ அந்தச் சம்பளத்துக்கு வர யோசிக்கிறார். தனி ஆள்சேர்ப்பு முறை வேண்டும், நிதியிலும் நிர்வாகத்திலும் தன்னாட்சி வேண்டும் என்று அந்தக் குழுவும் சொல்லியிருக்கிறது. உங்கள் சபையின் குழுதான் அது.

இது புதிதாக வந்த வியாதியும் இல்லை. 2014 ஜனவரியில் அமெரிக்கா நம் பாதுகாப்புத் தரத்தை இரண்டாம் நிலைக்கு இறக்கியது. முக்கியக் குறை, தகுதியான ஆய்வாளர்கள் போதவில்லை என்பது. நம் விமான நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதுச் சேவை தொடங்க முடியாமல் தவித்தன. அவசர அவசரமாக ஆள் எடுத்தோம், 2015 ஏப்ரலில் தரம் திரும்பக் கிடைத்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தணிக்கையில் முன்பு 70 சதவீதத்தை எட்டாமல் இருந்த நாம் 2022-இல் 85 சதவீதத்தைத் தாண்டினோம். முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் அது அங்கே உழைத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் வெளியிலிருந்து தணிக்கைக்கு வரும்போது எழுந்து நிற்பதும், அவர்கள் போன பிறகு காலியிடங்களைக் காலியாகவே விடுவதும் தொடர்கிறது.

ஆள் பற்றாக்குறையைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. அதை விளக்கப் பாம்பனுக்குப் போக வேண்டும்.

2024 நவம்பரில் புதிய பாம்பன் பாலத்தை ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்தார். பாலத்தைத் திறக்க எல்லோரும் காத்துக்கொண்டிருந்த நேரம். அவர் அனுமதி கொடுத்தார், வேகத்துக்கு வரம்பும் போட்டார். கூடவே வடிவமைப்பிலும் திட்டமிடலிலும் இருந்த குறைகளை வெளிப்படையாக எழுதிவைத்தார். அந்த அறிக்கை நாளிதழ்களில் வந்தது, ரயில்வே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இப்படி எழுதும் தைரியம் எங்கிருந்து வந்தது? அந்த அதிகாரியின் நேர்மை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. ரயிலை ஓட்டுகிறவர்களுக்குக் கட்டுப்பட்டவர் ரயிலைச் சோதிக்கக் கூடாது என்று 1941-லேயே அந்த ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்திடமிருந்து பிரித்து வேறு துறையில் வைத்தார்கள். இன்று அவர்கள் இருப்பது எந்த அமைச்சகத்தின் கீழ் தெரியுமா? சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்.

அதாவது, ரயிலுக்கு இந்த நியாயம் தேவை என்று ஒப்புக்கொண்டு, அதற்கு இடம் கொடுத்திருக்கும் அமைச்சகம் இதுதான். தன் சொந்தத் துறைக்கு வரும்போது அதே நியாயம் இல்லை. புது விமான நிலையங்களைத் திறப்பதும் உடான் வழித்தடங்களை ஏலம் விடுவதும் அந்த அமைச்சகம். விமான நிலைய ஆணையமும், அதன் வழியாக வான்வழிக் கட்டுப்பாடும் அதன் கீழ். நிறுவனங்களைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வும் அதன் கீழ். விபத்து நடந்தால் விசாரிக்கும் ஏ.ஏ.ஐ.பி.யும் அதன் கீழ். 2022 ஜனவரியில் கைமாறும்வரை ஏர் இந்தியாவும் அதனிடம்தான் இருந்தது. விமானம் விழுந்த பிறகு விசாரிக்க வருபவர், கண்காணிப்பில் ஓட்டை இருந்தது என்று கண்டுபிடித்தால், அதைத் தன் அமைச்சகத்துக்கு எதிராகவே எழுத வேண்டும். அப்படி எழுதுகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் ஒரு நாட்டின் பாதுகாப்பைத் தனிமனிதர்களின் துணிச்சலை நம்பி விட்டுவைக்க முடியாது.

இதைச் சரிசெய்ய வாய்ப்பு வந்தது. மங்களூரில் 2010 மே 22 அன்று விமான விபத்தில் 158 பேர் இறந்த பிறகு, 2012-இல் ஏ.ஏ.ஐ.பி. உருவானது. விசாரணை டி.ஜி.சி.ஏ.வின் கையை விட்டுப் போனது நல்ல காரியம். ஆனால் அமைச்சகத்தின் வாசலைத் தாண்டவில்லை. 2013-இல் டி.ஜி.சி.ஏ.வுக்குப் பதிலாகத் தன்னாட்சி உள்ள ஓர் ஆணையம், அதற்கென்று தனி நிதி என்று ஒரு மசோதா மக்களவையில் தாக்கலானது. 2014-இல் சபை கலைந்ததோடு காலாவதியும் ஆனது. விமானச் சட்டத்தில் வந்த 2020 திருத்தம் டி.ஜி.சி.ஏ.வுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தை மாற்றி 2024-இல் பாரதிய வாயுயான் அதிநியம் என்ற புதிய சட்டம் கொண்டுவந்தீர்கள். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொண்ணூறு வருடச் சட்டத்தைப் புதுப்பிக்கும்போது இந்தச் சங்கிலியை அறுத்திருக்கலாம். அறுக்கவில்லை. டி.ஜி.சி.ஏ.வுக்கு உத்தரவிடவும், அதன் உத்தரவுகளை மறுபரிசீலனை செய்யவும் மத்திய அரசுக்கு அதிகாரம் அப்படியே இருக்கிறது. அந்த மசோதா மேசைக்கு வந்தபோது அது உங்கள் கைகளில்தான் இருந்தது என்பதை மரியாதையோடு நினைவூட்டுகிறேன்.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கண்காணிப்பாளர்கள் போயிங் நிறுவனத்தின் ஆட்களையே சோதிக்க விட்டதன் விலையை 737 மேக்ஸ் விமானங்களில் இரண்டு விபத்துகளில் 346 பேர் கொடுத்தார்கள். அங்கேயும் பாடம் அதுதான்: சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒரே பக்கம் உட்காரக் கூடாது.

இப்போது ஹேங்கருக்குள், அதாவது விமானத்தை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகைக்குள், வருகிறேன். பகலில் பறக்கும் விமானம் இரவில்தான் எங்கள் கைக்குக் கிடைக்கும். கடைசி விமானம் வந்து நின்று, பயணிகள் இறங்கி, விடியற்காலை முதல் விமானம் கிளம்புவதற்குள் நாலைந்து மணி நேரம். அந்த நேரத்தில்தான் டயர் மாறும், பிரேக் மாறும், என்ஜின் மூடியைத் திறந்து பார்ப்போம், விமானி லாக் புத்தகத்தில் எழுதிவைத்த ஸ்நாக் (குறை) ஒவ்வொன்றையும் தீர்ப்போம். தீர்க்க முடியாததை, எந்தக் குறையோடு எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் எம்.இ.எல். பட்டியலைப் பார்த்து ஒத்திவைக்கலாம். பி வகை என்றால் மூன்று நாள், சி வகை பத்து நாள், டி வகை 120 நாள். இது முறையான ஏற்பாடுதான், ஆபத்தானதில்லை. ஆனால் பத்தாம் நாள் உதிரிபாகம் வராவிட்டால், பக்கத்தில் நிற்கும் விமானத்திலிருந்து கழற்றி இதில் மாட்டுவார்கள். குறை இங்கிருந்து அங்கே போகும், கணக்கு அங்கே புதிதாகத் தொடங்கும். காகிதத்தில் ஒரு தப்பும் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஆய்வாளர் இரவு இரண்டு மணிக்குச் சொல்லாமல் வந்து, இரண்டு விமானங்களின் லாக் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். நான் வேலை பார்த்த காலத்தில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பகலில் வந்தார்கள், முன்கூட்டியே தெரிவித்துவிட்டு வந்தார்கள். நல்ல மனிதர்கள், விஷயம் தெரிந்தவர்கள். ஒருவருக்கு எத்தனை நிறுவனம், எத்தனை ஊர் என்று கேட்டால் அவர்கள்மேல் பரிதாபம்தான் வரும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஷிப்ட் முடிந்து கருவிகளை எண்ணும்போது ஓர் இளம் டெக்னீஷியனுக்குத் தன் டார்ச்சைக் காணோம். பலகையில் அந்தக் கருவியின் உருவம் வரைந்த இடம் காலியாக இருக்கிறது. விரல் நீள டார்ச், வெளியே வாங்கினால் சில நூறு ரூபாய். அவன் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. நேராக வந்து சொன்னான். மூடிய என்ஜினை மறுபடி திறந்தோம். டார்ச் உள்ளே, எரிபொருள் குழாய் ஒன்றின் பின்னால் கிடந்தது. காலை விமானம் தாமதமானது. இரண்டு நாள் கழித்து அவனுக்கு மெமோ வந்தது: கவனக்குறைவால் தாமதம், விளக்கம் கொடு. அந்தப் பையன் கையில் காகிதத்தோடு நின்ற முகத்தை அந்த ஷிப்டில் இருந்த எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு அங்கே எத்தனை பேர் தாமாக வந்து எதையாவது சொல்லியிருப்பார்கள்?

தண்டனைக்குப் பயந்து மறைக்கப்படும் சின்னத் தவறுதான் பெரிய விபத்தின் விதை என்பதால், அமெரிக்காவில் 1976-இலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. விமானியோ பொறியாளரோ கட்டுப்பாட்டு அதிகாரியோ தன் தவறை எழுதி அனுப்பலாம். அதைப் பெறுவது தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானத் துறை இல்லை, நாசா. பெயரை நீக்கிவிட்டுத் தகவலை மட்டும் எல்லோருக்கும் பயன்பட வைக்கிறார்கள். நம் நாட்டிலும் தாமாக முன்வந்து தகவல் தரும் முறை இருக்கிறது, போய்ச் சேர்வது டி.ஜி.சி.ஏ.விடம். லைசென்ஸைப் பறிக்கும் கையிலேயே போய் என் தவறைக் கொடு என்றால் எவன் கொடுப்பான்?

கடலூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2025 ஜூலை 8 அன்று செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். கேட் கீப்பரைக் கைது செய்தார்கள். ஆனால் அந்த கேட் சிக்னலோடு இணைக்கப்படாத கேட் என்பதுதான் என்னை உறுத்துகிறது. இணைத்திருந்தால் கேட் மூடாமல் சிக்னல் விழாது, ஒரு மனிதனின் தவறு பிள்ளைகளின் உயிர் வரை போயிருக்காது. விபத்துக்குப் பிறகுதான் இணைக்க வேண்டிய கேட்டுகளின் வரம்பைத் தளர்த்தினார்கள். ஆளைப் பிடித்து உள்ளே போட்டதும் விசாரணை முடிந்தது என்று நினைக்கும் பழக்கம், தரையிலும் சரி வானத்திலும் சரி, அடுத்த விபத்தைத் தடுக்காது. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்பாட்டின் 13-ஆம் இணைப்பு விபத்து விசாரணையின் நோக்கமே அடுத்த விபத்தைத் தடுப்பதுதான், பழியைப் பங்கிடுவது இல்லை என்று சொல்கிறது. நாம் கையெழுத்திட்ட உடன்பாடு அது.

2025 டிசம்பரையும் சொல்லாமல் விட முடியாது. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி, இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு என்ற விதி 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டது. தள்ளிப்போட்டு, நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக வந்தது. நாட்டின் மிகப் பெரிய நிறுவனம் போதிய விமானிகளோடு தயாராகவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின, பயணிகள் விமான நிலையத் தரையில் படுத்தார்கள். உடனே அந்த நிறுவனத்துக்கு விதியிலிருந்து தற்காலிக விலக்கு கொடுக்கப்பட்டது. தவித்த பயணிகளின் நிலைமை எனக்கும் புரிகிறது. ஆனால் விமானியின் தூக்கம் பாதுகாப்பு விதி. அறிவித்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்த விதிக்கு நிறுவனம் தயாரா என்று மாதாமாதம் பார்த்திருக்க வேண்டியவர்கள் யார்? பார்க்க ஆள் இருந்தார்களா? சொன்னால் கேட்கும் நிலையில் மேலே இருந்தார்களா?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அடுத்த கூட்டத்தொடரில் லாஸ்பேட்டை ஓடுபாதையைப் பற்றிக் கேள்வி போடும்போது கூடவே இதையும் போடுங்கள்: டி.ஜி.சி.ஏ.வில் இன்றைய தேதியில் எத்தனை ஆய்வாளர்கள், சென்ற வருடம் அறிவிக்காமல் இரவில் செய்த சோதனைகள் எத்தனை, அதில் தென்னிந்தியாவில் எத்தனை, ஏ.டி.ஆர். விமானங்களைச் சோதிக்கத் தகுதி பெற்றவர்கள் எத்தனை பேர். எண்ணிக்கையைக் கேட்டாலே பாதி வேலை நடக்கும். பதில் வந்ததும் நம் ஊர்ப் பத்திரிகைகளுக்குக் கொடுங்கள்.

2013 மசோதாவின் உயிரான பகுதியை, அதாவது தனி நிதியையும் தனி ஆள்சேர்ப்பையும், 2024 சட்டத்துக்குத் திருத்தமாகக் கொண்டுவாருங்கள். தனிநபர் மசோதாவாகவே இருக்கட்டும், விவாதமாவது நடக்கட்டும். பிரிட்டனில் கண்காணிப்பு ஆணையத்தின் செலவை விமானத் துறையிடம் வாங்கும் கட்டணத்திலிருந்தே ஈடுகட்டுகிறார்கள், நம்மாலும் முடியும். ஏ.ஏ.ஐ.பி. அமைச்சகத்தை விட்டு வெளியே வந்து, நேரடியாக நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கட்டும். பாதுகாப்பு விதியிலிருந்து எந்த நிறுவனத்துக்கு விலக்குக் கொடுத்தாலும், காரணமும் காலக்கெடுவும் அன்றைக்கே பொதுவில் வர வேண்டும். தவறைத் தானே சொல்லும் தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும், சொல்லுமிடம் டி.ஜி.சி.ஏ.வுக்கு வெளியே இருக்க வேண்டும்.

இன்னொன்று, இது சின்னதாகத் தோன்றலாம். விபத்து அறிக்கைகளின் சுருக்கத்தைத் தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் வெளியிடச் சொல்லுங்கள். திருச்சியில் சுவரை இடித்த விமானத்தில் இருந்தவர்களில் எத்தனை பேரின் குடும்பம் அந்த ஆங்கில அறிக்கையைப் படித்திருக்கும்? தங்கள் மகனை ஏற்றிக்கொண்டு போன விமானத்துக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

நீங்கள் எல்லோரும் ஒரே கட்சிக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை, ஒரே அணியில் இருக்க வேண்டியதும் இல்லை. நிலத்துக்காகத் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டிய நிலை எப்படியும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்ப விவரம் வேண்டுமென்றால், எம்.இ.எல். என்ன, லாக் புத்தகத்தை எப்படிப் படிப்பது, ஆய்வாளர் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க என்னைப் போல் ஓய்வுபெற்றவர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி